மெயில் வந்தது சரி, சொன்னது யாரு?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பையரிடமிருந்து, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரரிடமிருந்து, வரவேண்டிய பணம், நூல் மில்லுக்கும் சாயம் போடுகிற டையிங்குக்கும் போகவேண்டிய பணம், வெளிநாட்டு மிஷினுக்குக் கட்டவேண்டிய பணம், எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். இந்த ஊரில் இருபது லட்சம் அனுப்புவது கடைப் பையனிடம் டீ சொல்வது மாதிரி. காலையில் மெயில் வரும், மதியம் பேங்குக்குப் போகும், சாயங்காலம் பணம் அனுப்பியதற்கான நகல் மெயிலிலேயே திரும்பிப் போகும். இத்தனை பணம் இத்தனை வேகமாக மெயிலை நம்பி ஓடும்போது, திருடன் பஸ் ஸ்டாண்டில் நின்று பிக்பாக்கெட் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மோசடி மெயில் என்றதும் பலருக்கு நினைவு வருவது லாட்டரி விழுந்த கதையும், ஆப்பிரிக்க இளவரசரின் சொத்தும், தப்புத்தப்பான இங்கிலீஷும்தான். அதைப் படித்துச் சிரித்துவிட்டு அழித்துவிடுகிறோம். அந்தச் சிரிப்பில் ஒரு ஆபத்து இருக்கிறது. மோசடி என்றால் இப்படித்தான் இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்ற நினைப்பு மனசில் உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் தொழிலில் பணத்தைத் தூக்குகிற மெயிலைப் பார்த்தால் சிரிப்பு வராது, சந்தேகமும் வராது. அது நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கிற மெயிலாகவே வரும்.

எங்களுக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியிலிருந்து ஒரு நிட்டிங் மிஷின் வாங்க ஏற்பாடு. முப்பது சதவீத அட்வான்ஸ் போய்ச் சேர்ந்து, ரசீதும் வந்துவிட்டது. மீதித் தொகை மிஷின் கப்பலேறும் முன் கட்ட வேண்டும். கட்டவேண்டிய வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அதே பொருள் வரியில் ஒரு மெயில். வருடாந்தரத் தணிக்கை நடப்பதால் எங்கள் வழக்கமான கணக்கில் இப்போது பணம் வாங்க முடியவில்லை, மீதித் தொகையை எங்கள் குழுமத்தின் இன்னொரு கணக்குக்கு அனுப்புங்கள், திருத்திய ப்ரொஃபார்மா இன்வாய்ஸை (சரக்கு அனுப்பும் முன் தருகிற பில்) இணைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே நாங்கள் இரண்டு தரப்பும் பல மாதமாக எழுதிக்கொண்ட மெயில்கள் அத்தனையும் வரிசையாக இருந்தன. மிஷினைப் பொருத்த வருகிற இன்ஜினியர் காரம் சாப்பிட மாட்டார் என்று அவர்கள் கேலியாக எழுதியதும், இளநீர் இருக்கிறது கவலைப்படாதீர்கள் என்று நாங்கள் பதில் எழுதியதும் அதில் அடக்கம்.

இன்வாய்ஸைத் திறந்தால் அதே லெட்டர்ஹெட், அதே முத்திரை, அதே கையெழுத்து. மிஷினின் விட்டம் 30 அங்குலம், கேஜ் 24, மீதித் தொகை கடைசி சென்ட் வரை சரி. பக்கத்தின் அடியில் பேங்க் விவரம் இருக்கிற நாலு வரி மட்டும் வேறு.

பேப்பரை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"அண்ணா, ஜெர்மனிக்காரங்க பேங்க் மாத்திட்டாங்களாமுங்க."

"யாரு சொன்னாங்க?"

"மெயில் வந்திருக்குதுங்க."

"மெயில் வந்துச்சா, அவங்க சொன்னாங்களா? போன் போட்டுக் கேளு தம்பி. அந்தப் பேப்பர்ல இருக்கற நம்பருக்கு வேண்டாம். மொதல்ல கொட்டேஷன் குடுத்தாங்கல்ல, அதுல பாரு."

எங்கள் முதலாளி பெரிய படிப்பு படித்தவர் இல்லை. கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது மெயில் படிப்பதும் தறி நூல் விலை பார்ப்பதும்தான். ஆனால் அவர் கேட்ட அந்த முதல் கேள்விக்கு மேல் இந்த விஷயத்தில் யாரும் எனக்கு எதையும் சொல்லித்தந்ததில்லை.

திங்கட்கிழமை மதியம், அங்கே ஆபீஸ் திறந்தவுடன் பழைய கொட்டேஷனில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். கணக்குப் பிரிவில் இருந்த அம்மா முதலில் நான் சொல்வது புரியாமல் இரண்டு முறை கேட்டார். கணக்கு எதுவும் மாறவில்லை, நாங்கள் மெயில் எதுவும் அனுப்பவில்லை என்றார். பிறகு அவர்கள் தரப்பில் தேடிப் பார்த்ததில், விற்பனைப் பிரிவில் ஒருவருடைய மெயில்பெட்டிக்குள் வெளியாள் வெகுநாளாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அட்வான்ஸ் போனபோது அவன் வாயே திறக்கவில்லை. பெரிய தொகைக்காகக் காத்திருந்தான்.

அப்புறம்தான் நாங்களும் அந்த மெயிலைப் பிரித்து மேய்ந்தோம். அனுப்பியவரின் முகவரியில், கம்பெனிப் பெயரில் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன. சின்ன எழுத்தில், சாதாரணத் திரையில், இரண்டும் ஒன்றேபோல்தான் தெரியும். எங்கள் ஐ.டி. பையன் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகும் டாக்குமென்டேஷன் பார்க்கிற பெண் "அதே தானுங்களே" என்றாள். இன்னொன்று, ஐரோப்பாவில் கணக்கு எண்ணை ஐபான் என்பார்கள். அதன் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும். ஜெர்மனி என்றால் டி.இ. என்று தொடங்கி மொத்தம் 22 இடம் வரும். இது இ.எஸ். என்று தொடங்கியது. அதாவது ஸ்பெயின். ஜெர்மனியில் மிஷின் செய்கிறவனுக்கு ஸ்பெயினில் எதற்குக் கணக்கு?

இந்த அடையாளங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதான். முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பது, பதில் போகிற முகவரி வேறாக இருக்கிறதா என்று பார்ப்பது, அந்தப் பெயர் எப்போது பதிவானது என்று தேடுவது எல்லாமே செய்யலாம். போன வாரம் பதிவான பெயரிலிருந்து முப்பது வருடக் கம்பெனி மெயில் அனுப்பாது. ஆனால் இதில் மட்டும் நம்பிக்கை வைப்பவர்களை எனக்குக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கத் தோன்றுகிறது. திருடன் அதே நாட்டில் கணக்கு வைத்திருந்தால்? திருடப்பட்ட நிஜ மெயில்பெட்டியிலிருந்தே அனுப்பினால்? அப்போது முகவரியும் சரியாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்காது, போலி முகவரிகளைப் பிடிக்கிற தடுப்புகளும் ஒன்றும் சொல்லாது. இப்போது ஏ.ஐ. வேறு வந்துவிட்டது. ஜெர்மன்காரன் எழுதுகிற மாதிரி ஜெர்மன், கோயமுத்தூர் மில்காரர் எழுதுகிற மாதிரி இங்கிலீஷ், எதுவும் நொடியில் வரும். பேங்க் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதும் வீண். பேங்கில் அவர்கள் பார்ப்பது நாம் கொடுக்கிற இன்வாய்ஸை. திருடன் செய்து கொடுத்த இன்வாய்ஸை நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவர்கள் என்ன செய்ய முடியும்?

எங்களுக்கு நடந்தது நாங்கள் பணம் கட்டுகிற பக்கம். பணம் வரவேண்டிய பக்கம் அடிபட்டால் கதை இன்னும் மோசம். எங்களுக்குத் தெரிந்த இன்னொரு கம்பெனியில் நடந்தது அது. அங்கே கணக்குப் பார்ப்பவரும் நானும் பழைய கூட்டாளிகள். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஐரோப்பாவில் ஒரு பையர், வருடக்கணக்காகப் பழக்கம். சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறி 60 நாளில் பணம் வரவேண்டும். தேதி நெருங்கியபோது இவர்கள் பெயரில் பையருக்கு ஒரு மெயில் போனது. எங்கள் கணக்கில் வரிப் பிரச்சினை, இந்த முறை இந்தக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்று. பையர் 60,000 டாலருக்கு மேல் அனுப்பிவிட்டார். இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், திருடன் இரண்டு பக்கமும் போலி முகவரி வைத்திருந்தான். பையருக்கு இவர்கள் மாதிரி எழுதினான். இவர்களுக்குப் பையர் மாதிரி எழுதினான். பணம் எப்போது வரும் என்று இவர்கள் கேட்டால், "பேமென்ட் ப்ராசஸில் இருக்கிறது, எங்கள் பைனான்ஸ் மேலாளர் லீவில் இருக்கிறார், அடுத்த வாரம்" என்று பதில். பணம் வந்ததா என்று பையர் கேட்டால், "வந்துவிட்டது, நன்றி" என்று பதில். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, இரண்டு பேருமே அவனிடம்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆர்டருக்கு சாம்பிள் பற்றிப் பேச ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் போன் போட்டபோது, பேச்சுவாக்கில் பழைய பணம் பற்றிக் கேட்க, அங்கே "அதான் போன மாசமே அனுப்பிட்டோமே" என்றார்களாம்.

உள்ளே நுழைந்த வழி சாதாரணமானது. அவர்களுக்கு ஆக்சசரீஸ் தருகிற ஒரு சப்ளையரின் மெயில்பெட்டி முதலில் திருடு போயிருந்தது. அந்த நிஜ முகவரியிலிருந்தே ஆபீசில் ஒருவருக்கு ஒரு மெயில். பர்ச்சேஸ் ஆர்டர் இணைத்திருக்கிறோம், திறக்க உங்கள் மெயில் பாஸ்வேர்டு போடுங்கள் என்று ஒரு பக்கம் திறந்தது. தெரிந்த ஆளிடமிருந்து வந்த மெயில், போட்டுவிட்டார்கள். உள்ளே போனவன் முதலில் செய்த வேலை, மெயில்பெட்டியின் அமைப்புக்குள் ஒரு விதி எழுதியது. அந்தப் பையரிடமிருந்து பேமென்ட், பேங்க், இன்வாய்ஸ் என்ற வார்த்தைகளோடு எது வந்தாலும் அது இன்பாக்ஸுக்கு வராமல், ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ் என்று மெயில்பெட்டியிலேயே இருக்கிற, யாருமே திறக்காத ஒரு ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். அதன் ஒரு நகல் அவனுக்கும் போக வேண்டும். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். இது பலருக்குத் தெரியாது. நானே அதற்கப்புறம்தான் எங்கள் ஆபீசில் ஒவ்வொரு மெயில்பெட்டியிலும் விதிகளையும் தானாக ஃபார்வர்டு ஆகிற முகவரிகளையும் மாதம் ஒருமுறை பார்க்க ஆரம்பித்தேன். பத்து நிமிட வேலை. கூடவே, பாஸ்வேர்டு போட்டாலும் போனுக்கு ஒரு அனுமதி கேட்கிற இரண்டடுக்குப் பூட்டு எல்லோருக்கும் கட்டாயம். "ஒரே ஜிமெயில், ஆறு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு" என்று ஓடுகிற சின்ன யூனிட்டுகள் இந்த ஊரில் நிறைய உண்டு. அங்கே யார் உள்ளே வந்தார், யார் போனார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பணம் போனதோடு அவர்கள் கஷ்டம் முடியவில்லை. ஏற்றுமதியில் இருப்பவர்களுக்குத் தெரியும், சுங்கத்தில் பதிகிற ஒவ்வொரு ஷிப்பிங் பில்லுக்கும் எதிராகப் பணம் வந்துசேர்ந்ததா என்று ரிசர்வ் வங்கியின் ஈ.டி.பி.எம்.எஸ். கண்காணிப்பில் கணக்கு ஓடும். பணம் வராவிட்டால் பில் மூடாது. பில் மூடாவிட்டால் பணம் வந்ததற்கான பேங்க் ரியலைசேஷன் சான்றிதழ் கிடைக்காது. கெடுவுக்குள் பணம் வராத சரக்குக்கு வாங்கிய டியூட்டி டிராபேக்கை, அதாவது ஏற்றுமதிக்காகத் திருப்பித் தந்த வரியை, அரசுக்குத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். சரக்கு தயாரிக்க பேங்கில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடன் ஒருபக்கம் வட்டியோடு நிற்கும். சரக்கும் போய், பணமும் போய், அதற்கு மேல் கையிலிருந்து கட்ட வேண்டும். பையரிடம் கேட்டால், "உங்கள் மெயில்பெட்டிதானே திறந்து கிடந்தது" என்கிறார். இவர்கள், "தெரியாத கணக்குக்கு அனுப்பியது நீங்கள்தானே" என்கிறார்கள். இரண்டுமே நியாயம். கோர்ட்டுக்குப் போனால் அடுத்த சீசன் ஆர்டர் போய்விடும். கடைசியில் பாதிக்குப் பாதி என்று பேசி, இவர்கள் பங்கை அடுத்தடுத்த ஆர்டர்களில் டெபிட் நோட்டாக, அதாவது பில் தொகையில் பிடித்தமாக, பையர் கழித்துக்கொண்டார். டெபிட் நோட்டுக்குத் திருப்பூரில் யாரும் புதிதாகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த வகை டெபிட் நோட்டை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

இதெல்லாம் சின்ன ஊர், சின்ன கம்பெனி சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசௌஸ்கஸ் என்பவர் 2013 முதல் 2015 வரை கூகுள், ஃபேஸ்புக் இரண்டையும் இப்படித்தான் கறந்தார். அந்தக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் சாமான் தருகிற தைவான் நிறுவனத்தின் பெயரிலேயே லாத்வியாவில் ஒரு கம்பெனி பதிவு செய்து, இன்வாய்ஸும் ஒப்பந்தமும் போலியாகத் தயார் செய்து, மெயிலில் அனுப்பினார். 12 கோடி டாலருக்கு மேல் வந்து விழுந்தது. 2019-ல் நியூயார்க்கில் ஐந்து வருடச் சிறை கொடுத்தார்கள். கோடிக்கணக்கான பேருக்கு மெயில் நடத்துகிற கூகுளே மெயிலில் வந்த பில்லுக்குப் பணம் கட்டியிருக்கிறது என்றால், கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவன் மனசு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.க்கு வந்த புகார்களின்படி, 2023-ல் மட்டும் இந்த வகை வியாபார மெயில் மோசடியில் போனது கிட்டத்தட்ட 290 கோடி டாலர்.

சரி, போன் போடுவது என்று ஆகிவிட்டது. அதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. நம்பரை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். மோசடி மெயிலின் அடியில் இருக்கும் போன் நம்பரும் மாற்றப்பட்டிருக்கும். கூப்பிட்டால் மிக மரியாதையாக ஒருவர் எடுத்து, "ஆமாம், கணக்கு மாறிவிட்டது" என்பார். அதனால் பழைய விசிட்டிங் கார்டு, முதல் கொட்டேஷன், இரண்டு வருடம் முன் வந்த பர்ச்சேஸ் ஆர்டர் என்று பிரச்சினை வருவதற்கு முந்தைய காகிதத்திலிருந்து எடுக்க வேண்டும். நாங்கள் பையர், சப்ளையர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பேருடைய நம்பரை ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டருக்குள் எவன் நுழைந்தாலும் அந்த நோட்டைத் திருத்த முடியாது. அந்த மெயிலுக்கே "ரிப்ளை" அடித்து, இது நிஜமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். திருடனிடமே நீ திருடனா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

குரலை மட்டும் நம்புவதும் இனிக் கஷ்டம். இங்கிலாந்தின் ஆரப் என்ற பெரிய கட்டடப் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஆபீசில், ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி ஒரு ஊழியருக்கு மெயில் வந்தது. அவருக்குச் சந்தேகம்தான். ஆனால் அடுத்து வந்த வீடியோ காலில் நிதித்துறைத் தலைவரும் கூட வேலை செய்பவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். சந்தேகம் போயிற்று, 20 கோடி ஹாங்காங் டாலரும் போயிற்று. அந்த வீடியோவில் அவரைத் தவிர மற்ற முகங்கள் எல்லாமே கம்ப்யூட்டர் உருவாக்கியவை. 2024-ல் வெளியே வந்த செய்தி இது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: அவர்கள் நம்மைக் கூப்பிடுவது சரிபார்ப்பு ஆகாது, நமக்குத் தெரிந்த நம்பருக்கு நாம் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பிறகும் மெயிலில் இல்லாத ஏதாவது ஒன்றைப் பேசிப் பார்ப்பேன். போன முறை நீங்கள் வந்தபோது ஒரு டின்னர் போனோமே, எந்த ஹோட்டல் என்று சிரித்துக்கொண்டே கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நம் ஊரில் இதற்குப் பெரிய தடை கூச்சம்தான். "பையர் தப்பா நெனச்சுக்குவாரு", "இதுக்கெல்லாமா போன் போடுவாங்க", "அவங்க இங்கிலீஷ் வேகமாப் பேசுவாங்க, எனக்குப் புரியாதுங்க" என்றெல்லாம் பிள்ளைகள் தயங்குவார்கள். கடைசிக் காரணம்தான் நிஜமான காரணம். மெயில் எழுதுவது சுலபம், போனில் பேசுவது பயம். அதனால் எங்கள் ஆபீசில் என்ன பேச வேண்டும் என்று நாலு வரி இங்கிலீஷில் எழுதி அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். பழைய கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை அவர்களைச் சொல்ல வைக்க வேண்டும், நாம் சொல்லிக் கொடுத்து "ஆமாம்" வாங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு.

நேர வித்தியாசமும் ஒரு தொந்தரவு. நமக்கு வெள்ளிக்கிழமை மாலை என்றால் அங்கே மதியம், வாரக்கடைசி வேறு வருகிறது, நம் பேங்கும் மூடப்போகிறது. "இன்றே அனுப்பாவிட்டால் மிஷின் கப்பலைத் தவறவிடும்" என்று அவசரப்படுத்துவார்கள். ஒரு கப்பல் போனால் அடுத்த கப்பல் வரும். எங்கள் வழக்கம், கணக்கு மாறியதாக மெயில் வந்தால் பணம் குறைந்தது மறுநாள் வேலைநாள்வரை நிற்கும். அந்த மெயிலைப் பார்த்தவரே பணத்தை அனுப்ப முடியாது, போட ஒருவர், அனுமதிக்க ஒருவர். அனுமதிக்கிறவர் மெயிலைப் பார்க்க மாட்டார், போன் பேசியவர் யார், யாரிடம், எத்தனை மணிக்கு என்று இன்வாய்ஸின் பின்பக்கம் எழுதிய குறிப்பைத்தான் பார்ப்பார்.

முதலாளி பெயரில் வருகிற செய்திகளுக்கும் இதே கதிதான். 2022-ல் புனேவின் சீரம் இன்ஸ்டிடியூட்டில், தலைமை அதிகாரி அனுப்பியதுபோல வாட்ஸ்அப் செய்தி வந்து, சொன்ன கணக்குகளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் போய்விட்டது. உலகத்துக்கே தடுப்பூசி அனுப்புகிற கம்பெனி அது. எங்கள் முதலாளியின் போட்டோ போட்ட ஒரு புது நம்பரிலிருந்து "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, இந்தக் கணக்குக்கு உடனே போடு" என்று எனக்கும் வந்தது. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று அவர் வாழ்நாளில் எழுதியதில்லை. எழுதினால் "வேலையா இருக்கறன்" என்று குரல் பதிவுதான் வரும். விட்டுவிட்டேன்.

உள்நாட்டுப் பணத்துக்கு ஒரு நல்ல விஷயம் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் நெஃப்டிலும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸிலும் பெயர் என்ன எழுதினாலும் ஒன்றுதான், கணக்கு எண்ணை வைத்துத்தான் பணம் போய்ச் சேரும். மில் பெயரைப் போட்டுவிட்டோம், வேறு யாருக்கும் போகாது என்று நம்பியவர்கள் அதிகம். ரிசர்வ் வங்கி சொன்னதன் பேரில் 2025 ஏப்ரலிலிருந்து, அனுப்பும் முன்பே அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கிற வசதி வந்திருக்கிறது. மில்லின் பெயரில் வந்த பில்லுக்கு ஏதோ ஒரு தனிநபர் பெயர் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம். அவசரத்தில் அந்தப் பெயரைப் படிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்துகிறவர்களை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வெளிநாட்டுக்குப் போகிற வயர் டிரான்ஸ்ஃபரில் இந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், முதல் போன் பேங்குக்கு. கிளை மேனேஜர் டீ குடிக்கப் போயிருந்தாலும் ஆள் அனுப்பிக் கூட்டி வர வேண்டிய நேரம் அது. பேங்குகள் நாடு விட்டு நாடு செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் வழியில் அனுப்பிய பணத்தைத் திரும்பக் கேட்டு ரீகால் செய்தி அனுப்பச் சொல்ல வேண்டும், பரிவர்த்தனையின் அடையாள எண்ணைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த பேங்குக்கும் நாமே நேரடியாக எழுத வேண்டும், இது மோசடி, நிறுத்தி வையுங்கள் என்று. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட்டுப் புகார் பதிய வேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். உள்நாட்டுக் கணக்குக்குப் போன பணம் என்றால், அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து ஓடுவதற்குள் முடக்கி வைக்க இதில்தான் வாய்ப்பு அதிகம். மோசடி மெயிலை யாரும் கோபத்தில் அழித்துவிடக் கூடாது. வெறுமனே ஃபார்வர்டு செய்தால் அது வந்த வழி பற்றிய விவரம் தொலைந்துவிடும், மூல மெயிலை அப்படியே ஃபைலாக இறக்கி வைக்க வேண்டும்.

என் கூட்டாளியின் கம்பெனியில் தடுமாறியது வேறொரு இடத்தில். இங்கே போலீசில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பணத்தை அனுப்பியது பையர், அனுப்பியது அவர் நாட்டு பேங்கிலிருந்து, போனது இன்னொரு ஐரோப்பிய நாட்டுக்கு. ரீகால் கேட்க வேண்டியவரும் அங்கே புகார் கொடுக்க வேண்டியவரும் பையர்தான். யார் தப்பு என்று இருவரும் மெயிலில் சண்டை போட்ட நாட்களில் அந்தக் கணக்கு காலியாகிவிட்டது. சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதல் நாள் இரண்டு பேரும் சேர்ந்து ஓட வேண்டும்.

ஓடினால் கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலை 15-ல் சிங்கப்பூரில் ஒரு சரக்கு வணிக நிறுவனத்துக்கு, சப்ளையர் எழுதியதுபோல, முகவரியில் சிறு எழுத்து மாற்றத்தோடு மெயில் வந்தது. புதுக் கணக்கு கிழக்குத் தைமூரில். 19-ம் தேதி 4 கோடியே 23 லட்சம் அமெரிக்க டாலர் அனுப்பினார்கள். இன்னும் பணம் வரவில்லையே என்று நிஜ சப்ளையர் கேட்டபோது தேதி 23. அன்றே போலீசுக்குப் போனார்கள். சிங்கப்பூர் போலீஸ் இன்டர்போலின் அவசர வழியில் கிழக்குத் தைமூரோடு பேச, 25-ம் தேதிக்குள் 3 கோடியே 90 லட்சம் டாலர் அங்கே நிறுத்தப்பட்டது. பின்னால் இன்னும் கொஞ்சம் கிடைத்தது, ஆட்களும் பிடிபட்டார்கள்.

இதையெல்லாம் கேட்ட ஒரு தம்பி என்னிடம், "நிஜமாவே பேங்க் மாறுனா என்னங்கண்ணா பண்றது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இந்தப் பக்கம் அது நடந்திருக்கிறது. 2020 நவம்பரில் கரூர் லட்சுமி விலாஸ் பேங்க் டி.பி.எஸ். என்ற இன்னொரு பேங்கோடு சேர்ந்தது. அதே வருடம் ஏப்ரலில் சிண்டிகேட் பேங்க் கனராவிலும், அலகாபாத் பேங்க் இந்தியன் பேங்கிலும் சேர்ந்தன. ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின. அந்த நாட்களில் கணக்கு விவரம் மாறிவிட்டது என்று நிஜ மெயில்களே ஊர் முழுக்கப் பறந்தன. நிஜம் இருக்கிற இடத்தில்தான் போலிக்கும் வேலை.

நாங்களும் பிறகு ஒருமுறை கணக்கை வேறு பேங்குக்கு மாற்றினோம். ஒரு பையர் மெயிலைப் படித்துவிட்டுப் பணத்தைப் புதுக் கணக்குக்கே அனுப்பிவிட்டார், ஒரு கேள்வி இல்லை. எனக்கு அவரை நினைத்துத்தான் கவலை. இன்னொரு பையர் விடவே இல்லை. பேங்க் முத்திரையோடு கடிதம் கேட்டார், அவர்களுடைய படிவத்தை முதலாளியே நிரப்ப வேண்டும் என்றார், அவர்கள் கைவசம் இருந்த பழைய நம்பருக்கு முதலாளியைக் கூப்பிட்டார், பிறகு சோதனைக்குச் சில டாலர் அனுப்பி, எத்தனை வந்தது என்று மெயிலில் கேட்காமல் போனில் கேட்டார். மெயிலில் கேட்டால் திருடனும் "வந்தது" என்பான் இல்லையா. இதில் சில வாரம் ஓடிவிட்டது. அந்த இடைவெளிக்குப் பேக்கிங் கிரெடிட் வட்டி ஏறியது. கணக்கைப் பார்த்த முதலாளி, "இந்த வட்டிய அவங்ககிட்டக் கேக்கலாமா தம்பி?" என்றார். கேட்கவில்லை, நாங்களே கட்டிவிட்டோம். அடுத்த மாதம் அந்தப் படிவத்தை அப்படியே காப்பி அடித்து, எங்கள் லெட்டர்ஹெட் போட்டு, நூல் மில்களுக்கும் டையிங்காரர்களுக்கும் அனுப்ப ஆரம்பித்தோம். மில்காரர்கள் இப்போது எங்களைத் திட்டுகிறார்கள்.